சட்டையைக் கழற்றாமல் சாமி கும்பிட நான்கு நாள்

புனேக்குப் புறப்பட்டபோது எங்கள் பெட்டியில் ஏழு வேட்டிகள் இருந்தன. கால்சட்டை ஒன்றுகூட இல்லை. என்னிடம் இருந்த ஒரே கால்சட்டையை நான் உடுத்திக்கொண்டு போவதாக ஏற்பாடு.

பெட்டி அடுக்குவதில் என் மனைவி பகவதிக்கென்று ஒரு முறை உண்டு. போகிற ஊரில் என்னென்ன கோயில் இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பாள். குளிரா, மழையா என்பதெல்லாம் பிறகு. சின்னக் கோயிலுக்கு நாலு முழம், பெரிய கோயிலுக்கு எட்டு முழம், அபிஷேகம் என்றால் பட்டுக்கரை, எங்காவது குளத்தில் முங்க நேர்ந்தால் பழைய காவிக்கரை என்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுவாள். ஒவ்வொரு வேட்டிக்கும் ஒரு துவர்த்து துணை. துண்டை எங்கள் நாகர்கோவில் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

நாங்கள் போனது கோயில் பார்க்க அல்ல. மகன் சிவா எட்டு வருடமாகப் புனேயில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அங்கே மிருணாள் என்ற மராட்டிப் பெண்ணை அவனுக்குப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. எங்களுக்கும் ஒரு வழியாகப் பிடித்தது. அந்த வழி எவ்வளவு நீளம் என்பதை இங்கே எழுதினால் பகவதி எனக்குச் சோறு போட மாட்டாள். பாக்கி இருந்தது பெண்ணின் அப்பா ஜாதவ் மட்டும். தேஹு ரோடில் ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தளேகாவில் வீடு கட்டிக் குடியிருப்பவர். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பையனின் அப்பா அம்மாவை நேரில் பார்க்க வேண்டும், எங்கள் ஊர் மகாதேவர் கோயிலுக்குத் திங்கட்கிழமை வரச் சொல், அபிஷேகம் முடிந்ததும் என் பதிலைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

கோயில் என்ற சொல் காதில் விழுந்ததும் பகவதி பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கிவிட்டாள். புறப்படுவதற்கு முந்தின நாள் சிவா வீடியோவில் வந்தான்.

"அப்பா, பேண்ட் எத்தனை எடுத்து வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு. அதை உடுத்துக்கிட்டுல்லா வாறேன்."

"அப்பா, இங்க கோயில்ல யாரும் சட்டையைக் கழத்த மாட்டாங்க. பேண்ட், பெல்ட் எல்லாத்தோடயும் உள்ள போவாங்க."

"சாமி முன்னாலயாடே?"

"சாமி முன்னாலதான்."

பகவதி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவன் கெடக்கான். அவனுக்கு என்ன தெரியும்," என்று சொல்லிவிட்டு எட்டாவதாக ஒரு துவர்த்தைப் பெட்டியில் திணித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சிவாவின் வீட்டில் இறங்கினோம். பதினோராவது மாடி. கீழே பார்த்தால் ஆட்கள் தெரியவில்லை, ஹெல்மெட்டுகள் தெரிந்தன. காலை ஆகாரம் போஹா என்றான். பார்த்தால் அவல். அவலைத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டு விரவித் தின்று வளர்ந்தவன் நான். இங்கே அதை வெங்காயம், கடலை, எலுமிச்சம்பழம் சேர்த்து உப்புமாவாக்கி, மேலே ஓமப்பொடியும் தூவியிருந்தார்கள். முதல் வாய் வைத்தபோது மனசு வருந்தியது. மூன்றாவது தட்டு கேட்டபோது பகவதி என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை.

சாயங்காலம் தனியாக நடக்கப் போனேன். வேட்டியும் சட்டையும்தான். தெருமுனையில் சின்னதாக ஒரு கணபதி கோயில், சலவைக்கல் பிள்ளையார், பளிச்சென்று இருந்தார். செருப்பைக் கழற்றினேன். பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல, என் கைதான் பொறுப்பு. கன்னியாகுமரி மாவட்டத்து ஆணுக்குக் கோயில் வாசலைக் கண்டால் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போகும். சுசீந்திரத்திலும் திருச்செந்தூரிலும் மேல்சட்டையோடு உள்ளே போக முடியாது. அறுபது வருடப் பழக்கம் அது. சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மடியிலிருந்த பொட்டலத்தில் திருநீறு எடுத்து நெற்றியிலும் மார்பிலும் கைகளிலும் பூசி, கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது முன்னால் ஒரு பெண் தட்டோடு நின்றாள். தட்டில் தேங்காய், குங்குமம், செம்பருத்தி, நாலு எலுமிச்சம்பழம். அவளுக்குப் பின்னால் மாலை போட்ட புது ஸ்கூட்டர். "குருஜி," என்று அவள் ஆரம்பித்தது புரிந்தது. மீதி எனக்குப் புரியவில்லை என்றாலும், ஸ்கூட்டரைக் காட்டி அவள் கைகூப்பியது நன்றாகவே புரிந்தது. நான் பூசாரி இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தேங்காயை என் கையில் வைத்தாள்.

கையில் தேங்காயைக் கொடுத்தபின் மறுக்க எனக்கு வீட்டில் சொல்லித்தரவில்லை. ஹேண்டில்பாரில் குங்குமம் வைத்தேன். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். மந்திரம் என்று எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக் கடவுள் வாழ்த்து ஒன்றுதான், அதைக் கணீரென்று சொன்னேன். பிறகு தேங்காயை நடைபாதை விளிம்பில் ஓங்கி அடித்தேன். சரிபாதியாக, அளந்து வெட்டினமாதிரி உடைந்தது. நான் செய்த தப்பு அங்கேதான். கொஞ்சம் கோணலாக உடைந்திருந்தால் அந்தப் பெண்ணோடு போயிருக்கும். பின்னால் நின்ற ரிக்ஷாக்காரர் அந்த இரண்டு பாதியையும் பார்த்துவிட்டுத் தானும் தேங்காய் வாங்க ஓடினார். அவருக்குப் பின்னால் ஒரு பால் டெம்போ வந்து நின்றது.

மூன்றாவது தேங்காயை ஓங்கியபோது, பால் வாங்க இறங்கிய சிவா எதிரே நின்றான். வாசல் பெஞ்சில் இரண்டு முதியவர்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "புதுப் பூசாரியா?" என்று ஒருவர் கேட்டாராம். "தெற்கத்தி ஆள். இவர்கள் மந்திரத்தில் ஒரு எழுத்துகூடப் பிசகாது," என்றாராம் மற்றவர். இதைச் சிவா பிற்பாடுதான் சொன்னான். அப்போது அவன் வாயிலிருந்து வந்தது இரண்டே சொல்.

"அப்பா. சட்டை."

வீட்டுக்கு நடந்து வருவதற்குள் என் படம் எங்களை முந்திக்கொண்டு வந்துவிட்டது. கட்டிடத்தில் யாரோ எடுத்து அவர்களுடைய வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். வெற்று மார்போடு, கக்கத்தில் சட்டையோடு, தேங்காயை ஓங்கியபடி நான். படம் நன்றாகத்தான் வந்திருந்தது. சிவா அதைப் பார்த்துவிட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கடக்வாஸ்லா அணைக்குப் போனோம். நான் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவன். பாதிச் சர்வீஸ் பேச்சிப்பாறை அணையில் போனது. அணையைப் பார்த்தால் எனக்குச் சாமியைப் பார்த்தமாதிரி, சட்டையைத் தவிர மற்ற மரியாதை எல்லாம் செய்வேன். ஷட்டரை எண்ணினேன், கசிவு எங்கே என்று தேடினேன், எங்கள் அணையின் உறுதியைப் பற்றிச் சிவாவுக்குச் சொன்னேன். சுற்றி நின்ற ஜனங்கள் அணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுட்ட சோளம் தின்றார்கள். எலுமிச்சம்பழத்தை உப்பிலும் மிளகாய்ப்பொடியிலும் தோய்த்துச் சோளத்தில் தேய்த்துத் தருகிறார்கள். ஒரு கடி கடித்த பிறகு நானும் அணைக்கு முதுகைக் காட்டினேன்.

மிருணாள் அங்கேதான் எங்களைப் பார்க்க வந்தாள். பெரிய மோட்டார் சைக்கிள், ஜீன்ஸ், ஹெல்மெட். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, எங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "சாப்டீங்களா ஆன்ட்டி?" என்று தமிழில் கேட்டாள். சிவா சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான் போலிருக்கிறது, உடனே ஆங்கிலத்துக்குத் தாவினாள். பகவதி அவளுக்கென்று மூன்று புடவை வாங்கி வந்திருந்தாள். ஜீன்ஸை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். பிறகு வெங்காய பஜ்ஜியில் பெரிதாக ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பகவதியைப் பொறுத்தவரை அது பாதிச் சம்மதம்.

"அங்கிள், உங்க போட்டோ பார்த்தேன்," என்றாள் மிருணாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சிவாவின் பஜ்ஜி பாதி வழியில் நின்றது. "உனக்கு யார் அனுப்பினா?"

"எல்லாரும் அனுப்பினாங்க. பாபாவும் பார்த்தார்." பாபா என்றால் அவள் அப்பா.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. என் போனை வாங்கி, படத்தைப் பெருசு பண்ணி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்."

அதோடு பஜ்ஜிக்கு ருசி போய்விட்டது. பிள்ளையின் கல்யாணம் நம்முடைய ஒரு சட்டையில் போய் மாட்டிக்கொண்டு நிற்கும் என்று யார் நினைப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சிவா என்னை லக்ஷ்மி ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். சாம்பல் நிறத்தில் ஒரு பேண்ட், தோல் பெல்ட், நீலக் கோட்டு. பேண்டுக்குள் நான் போனேன், மூச்சு வெளியே நின்றது. இப்போதெல்லாம் இப்படித்தான் ஒட்டிப் போடுகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னதாகச் சிவா மொழிபெயர்த்தான். குனிந்தால் ஆபத்து என்றேன். "நாளைக்கு யாரு உங்களைக் குனியச் சொன்னா? நேரா நின்னா போதும்," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்த வேட்டிகளை அள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டினான். சாவி அவன் பைக்குள் போனது. "அப்பா, என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணுங்க. கோயில்ல சட்டையைக் கழத்த மாட்டேன்னு சொல்லுங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும்."

வைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவான் போலிருந்தது. எட்டு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பார்த்த முகம் அது. பகவதி இத்தனைக்கும் ஒன்றுமே சொல்லவில்லை. அடுக்களையில் போய்த் தன் கைப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் நான் உஷாராக வேண்டும். முப்பத்தைந்து வருடத்தில் அதுகூடத் தெரியவில்லை எனக்கு.

திங்கட்கிழமை காலை நெடுஞ்சாலையில் லாரி ஏதோ கவிழ்ந்து கிடப்பதாகப் போன் சொன்னது. லோக்கல் ரயிலில் போய்விடலாம் என்றான் சிவா. ஏறி நின்றோம். உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை, பேண்ட் விடவில்லை. தேஹு ரோடில் ரயில் நின்றதும், ஜாதவ் வேலை பார்த்த ஊராயிற்றே, ஒரு டீ குடிப்போம் என்று இறங்கினேன். எங்கள் பக்கத்துப் பாசஞ்சர் வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றால் எதிர் வண்டிக்காகக் காத்துக் கிடக்கும். இறங்கி டீ குடித்து, பழம் வாங்கி, பழக்கக்காரரிடம் குடும்ப விஷயம் பேசிவிட்டு ஏறலாம். இந்த வண்டி நின்றது அரை நிமிஷம். ஒரு சத்தம்கூடக் கொடுக்காமல் நகர்ந்தது. வாசலில் நின்ற சிவா வாயைத் திறந்தபடியே போய்விட்டான்.

நான் ரயிலை நல்ல தமிழில் நாலு வார்த்தை திட்டினேன். பிளாட்பாரத்தில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா தமிழா? எங்க போணும்?"

"தளேகாவுக்கும்மா."

"அடுத்த லோக்கலுக்கு நெறைய டைம் இருக்கு. பாஹர் போய் ஷேர் ரிக்ஷா பிடிங்க, ஸீதா ஸ்டேஷன் வாசல்லயே விட்டுருவான். பேக்ல உக்காராதீங்க, ரொம்ப தாபுவாங்க. முன்னால ட்ரைவர்கிட்ட உக்காருங்க."

பாஹர் என்றால் வெளியே, ஸீதா என்றால் நேரே என்பது அவள் கைகாட்டியதில் புரிந்தது. தாபுவாங்க என்றால் நெருக்குவார்கள் என்று ரிக்ஷாவைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பின்னால் ஏற்கெனவே நாலு பேர். அவள் சொன்னபடி ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு இடுப்பை வைத்தேன். மறு இடுப்பும் ஒரு காலும் மகாராஷ்டிரத்தின் வெளிக்காற்றில் இருந்தன. நல்லபடியாகத்தான் போனது. ஒரு வேகத்தடையில் வண்டி துள்ளியபோது எனக்குப் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். பெல்ட்டுக்குக் கீழே நடுத்தையல் முழுநீளத்துக்கும் போய்விட்டது.

ஓட்டுநர் ஏதோ கேட்டார். என்ன கிழிந்தது என்றுதான் கேட்டிருப்பார். இந்தி, மராத்தி இரண்டும் தெரியாதது அன்றைக்கு ஒருமுறைதான் எனக்கு உதவியது.

தளேகாவ் ஸ்டேஷன் வாசலில் பகவதியும் சிவாவும் நின்றார்கள். நான் கோட்டைக் கீழே இழுத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். "அப்பா, இப்பத்தான் ஒரு ஆபீசர் மாதிரி இருக்கீங்க," என்றான் சிவா. அவன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

கோயில் ஊருக்கு வெளியே, ஒரு ஓடையின் கரையில் இருந்தது. கருங்கல். முன்னால் நந்தி. கருவறை தரைமட்டத்துக்குக் கீழே, நாலைந்து படி இறங்கிப் போக வேண்டும். மிருணாளும் அவள் அம்மாவும் பூத்தட்டோடு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் நின்றவரைப் பார்த்து நான் நடையை நிறுத்திவிட்டேன்.

ஜாதவ் சட்டை போடவில்லை. இடுப்பில் சரிகைக்கரை வேட்டி. நெற்றியில், மார்பில், கைகளில் எல்லாம் மூன்று மூன்று கோடாகத் திருநீறு. வலது கக்கத்தில் ஒரு சட்டையைச் சுருட்டி இடுக்கியிருந்தார். காலைக் குளிரில் பெரிய மீசை லேசாக நடுங்கியது.

"வாங்கோ, வாங்கோ. சாப்பாடு ஆச்சா?" என்றார் தமிழில்.

அவர் என் கோட்டைப் பார்த்தார். நான் அவர் மார்பைப் பார்த்தேன். சிவா தரையைப் பார்த்தான். மிருணாளின் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது.

பிறகு ஆங்கிலமும் இந்தியும் அவர் கிடங்கில் கற்ற தமிழுமாக விஷயம் வெளியே வந்தது. என் படத்தைப் பார்த்த ஜாதவ், இவர்கள் சாமி முன்னால் இப்படித்தான் போவார்கள் என்று புரிந்துகொண்டிருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு, கூட வேலை பார்த்த ஒரு தமிழ் நண்பரிடம் போனில் எல்லாம் விசாரித்திருக்கிறார். சட்டையை ஏன் கக்கத்தில் வைக்கிறார்கள் என்று நண்பருக்குத் தெரியவில்லையாம். இருந்தாலும் விட்டுப் போய்விடக் கூடாதே என்று அதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். "உங்க வழக்கத்துக்கு நான் மரியாதை குடுக்கணும் இல்லையா?" என்றார்.

"உங்களுக்கு மரியாதை குடுக்கத்தான் நான் இந்த வேஷம் போட்டேன்," என்றேன் நான். கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை.

கோயில் பூசாரி குருஜி படியேறி வந்தார். மெலிந்த மனிதர், அவசரக்காரர். இரண்டு அப்பாக்களும் உள்ளே வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சும்மா கும்பிடப் பேண்டோடு வரலாமாம், அபிஷேகம் செய்கிறவர் சோவளா உடுத்தியிருக்க வேண்டுமாம். சோவளா என்றால் நம்மூர் மடிதான். வேட்டி, வெறும் மார்பு, தோல் பெல்ட் கூடவே கூடாது.

நான் சிவாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"தரிசனத்துக்கு பேண்ட் ஓகேப்பா," என்றான் சன்னமாக. "அபிஷேகம் நான் பண்ணினதே இல்ல."

என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, ஜாதவ் முதலில் தான் இறங்குவதாகச் சொல்லி முதல் படியில் கால் வைத்தார். அப்போது, ரிக்ஷாவில் நான் கேட்ட அதே சத்தம் கேட்டது. அவர் உடுத்தியிருந்தது கட்டுகிற வேட்டி அல்ல, ஒட்டிக்கொள்கிற வேட்டி. இடுப்பு ஒட்டு சர்ரென்று விட்டுக்கொடுத்தது. பாதியில் பிடித்துவிட்டார். உள்ளே நீலக்கட்டம் போட்ட அரைக்கால் சட்டை இருந்தது புண்ணியம். குருஜி நாகரிகமான மனிதர், முகத்தை நந்தி பக்கம் திருப்பிக்கொண்டார்.

பகவதி கைப்பையைத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலுக்கும் முறுக்குப் பொட்டலத்துக்கும் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பட்டுக்கரை வேட்டி, துவர்த்தோடு.

"அம்மா! சாவி எங்கிட்டல்லா இருக்கு?" என்றான் சிவா. அதிர்ச்சியில் அவன் வாயில் நாகர்கோவில் வந்துவிட்டது.

"இருந்தா என்ன? இது பெட்டியிலேயே வைக்கலியே. அபிஷேகம்னு சொன்ன அன்னைக்கே நான் தனியா எடுத்து வச்சாச்சு."

"உன் தலையில அடிச்ச சத்தியம்?" என்று நான் சிவாவிடம் கேட்டேன்.

"கழத்துங்கப்பா, கழத்துங்க," என்றான்.

குருஜி எங்கள் இருவரையும் பக்கத்து அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார். எண்ணெய் டின், வில்வக்கூடை, தேங்காய் மூட்டை. நடுவில் இரண்டு அப்பாக்கள். பேண்டைக் கழற்றத் திரும்பியபோது ஜாதவ் என் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டார். என்னவென்று சைகையில் கேட்டார். "தேஹு ரோட்," என்றேன். மனிதர் தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று நாளாகச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் உடுத்திக்கொண்டு, அவரை எழுப்பி நிறுத்தினேன். ஒட்டுகிற பட்டையைப் பிய்த்து எறிந்தேன். இன்னொரு ஆணுக்கு வேட்டி கட்டிவிடுவது சுலபமில்லை. கட்டிப்பிடிக்கிற தூரத்தில் நிற்க வேண்டும். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். மூச்சை இழுங்கள் என்றேன், இழுத்தார். அப்படி நிற்கும்போதுதான் கேட்டார், ஆங்கிலத்தில், மெதுவாக.

"உங்க ஊர்க் கோயில்ல பெண்கள் என்ன உடுத்தணும்?"

எனக்கு இது தெரிந்த பாடம். புடவை, தாவணி, சுரிதார் என்றால் துப்பட்டாவோடு என்று ஒப்பித்தேன்.

"கோயில்ல சரி. அது சாமி விஷயம்," என்றார். "வீட்டுல? என் பொண்ணு எதை உடுத்தணும்னு நான் சொன்னதே இல்ல. அவ உங்க வீட்டுல வந்து நிக்கும்போது யார் சொல்லுவாங்க? எனக்கு வேற பயம் இல்ல. ஊரு, பாஷை, சாப்பாடு ஒண்ணும் பயம் இல்ல. இது ஒண்ணுதான்."

வேட்டியின் முனை என் கையில் இருந்தது. நேற்று வரை கேட்டிருந்தால், இதெல்லாம் ஒரு விஷயமா, பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருப்பேன். பகவதி வாங்கி வைத்திருந்த மூன்று புடவை ஞாபகம் வந்தது. ஜீன்ஸை அவள் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. நானும் அதேமாதிரி பார்த்தேன் என்பதும்தான். ஆனால் அன்று காலை முழுக்க, இன்னொருவர் தேர்ந்தெடுத்த உடையில், மூச்சுவிடாமல், குனியாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அறுபத்திரண்டு வயதில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வெட்கமாக இருந்தது.

"யாரும் சொல்ல மாட்டோம்," என்றேன். "நான் சொன்னா, அந்தப் பேண்டை எடுத்து எனக்குக் காட்டுங்க."

மூலையில் கிடந்த பேண்டை அவர் பார்த்தார். நான் முனையைச் செருகி, இடுப்பில் இரண்டு சுருட்டுச் சுருட்டி, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். இனி அது பூகம்பத்துக்கும் அவிழாது. அவர் கையைக் கீழே இறக்கினார். குனிந்து பேண்டை எடுத்து, தூசி தட்டி, சுருட்டி, தன் சட்டையோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும்," என்றார்.

அப்படியே கருவறைக்குள் இறங்கினோம். ஈரப்படியில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். குருஜி கையில் தண்ணீரும் அரிசியும் கொடுத்து, எந்தெந்தக் குடும்பம், பெயரைத் தனித்தனியாகச் சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜாதவ் சொன்னார். மராத்தியில் சொன்னாலும் எனக்கு விளங்கியது.

"தனித்தனியா வேண்டாம். ஒரே குடும்பம்."

மேலே படியருகில் மிருணாள் விசும்பும் சத்தம் கேட்டது. நான் செம்போடு மேலே திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் சாமிக்கும் கொஞ்சம் குருஜிக்கும் போயிற்று.

வெளியே வந்தோம். வாசலில் புத்தம்புது டிராக்டர் ஒன்று மாலையோடு நின்றது. அதன் சொந்தக்காரர், திருநீறு பூசிய வெற்று மார்போடு இரண்டு பேர் வருவதைப் பார்த்தார். நேரே எங்களிடம் வந்து தேங்காயை நீட்டினார். ஜாதவ் என்னைப் பார்த்தார். "உங்களுக்குப் பழக்கம் இருக்கே," என்றார். பிறகு எலுமிச்சம்பழங்களை வாங்கிக்கொண்டு டிராக்டருக்கடியில் குனிந்தார். வேட்டி நின்றது.

சிவா என் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். "அப்பா. சட்டை."

"பொறுடே," என்றேன். "சம்பந்தி எலுமிச்சம்பழம் வைக்காரு."

கல்யாணம் முடிந்து, மிருணாள் முதல்முறையாக நாகர்கோவிலுக்கு வந்தபோது பெட்டியைத் திறந்து துணி அடுக்கிக்கொடுக்கப் பகவதி உட்கார்ந்தாள். நாலு ஜீன்ஸ், இரண்டு குர்தா, ஹெல்மெட், நாங்கள் கொடுத்த புடவையில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே என் சாம்பல் நிறப் பேண்ட். துவைத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது. நடுத்தையல் மட்டும் அப்படியே பிளந்து கிடந்தது. "பாபா குடுத்தார், மாமா," என்றாள் மிருணாள்.

பகவதிக்குக் கை சும்மா இராது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, "நல்ல துணியாட்டு இருக்கே, தச்சு வைக்கட்டா?" என்று கேட்டாள்.

"தைக்காண்டாம்," என்றேன்.